தேடியவர் பட்டியலில் இல்லை

அக்காவின் மடிக்கணினியில் தேநீரைக் கொட்டியவன் நான்தான். கை தவறிவிட்டது. கண்ணாடித் தம்ளர் என் கையில் நிலைத்ததாகச் சரித்திரமே கிடையாது என்பதால் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதற்கு ஈடாக, அலுவலக மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த கணினியைச் சுமந்துவந்து அவள் மேசையில் வைத்தேன். அதிலிருந்த பிரௌசருக்கு என் சர்வீஸைவிட வயது அதிகம்.

நீங்கள் தேடல் பெட்டியைப் பற்றித்தான் கேட்டீர்கள் ஐயா. அங்கேதான் வருகிறேன்.

படகு கவிழ்ந்த மறுநாள் மருத்துவமனை எங்கள் அலுவலகத்திடம் ஓர் இணையதளம் கேட்டது. பெயரைத் தட்டினால் மூன்றில் ஒன்று வரும்: மீட்கப்பட்டார், சிகிச்சையில் இருக்கிறார், இறந்தார். மூன்றாவது வந்தால் பத்து நாளுக்குள் உறவினர் வர வேண்டும். இல்லையென்றால் எண் போட்டு அடக்கம் செய்துவிடுவார்கள். தேடலை எழுதியது நான்.

அந்தப் படகில் அத்தான் போயிருந்தார். அவருடைய போன் பழுது என்பதால் அக்காவின் போனை எடுத்துப் போயிருந்தார். மூன்றாம் நாள் காலை, புதிய பெயர்களை ஏற்றும்போது அவர் பெயரைப் பார்த்தேன். மூன்றாவது வகை. சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டையை வைத்து எழுதியிருந்தார்கள். மதியம் வீட்டுக்குப் போனபோது அக்கா அவர் பெயரில் பாதியைத் தட்டியிருந்தாள். தேநீர் கொட்டியது அப்போதுதான்.

அவளுக்கு ஏழாம் மாதம். அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று மாலை தேடல் நிரலில் நான்கு வரி சேர்த்தேன்: அந்தப் பழைய பிரௌசரிலிருந்து கேட்டால் இறந்தவர்களைக் காட்டாதே, 'நீங்கள் தேடியவர் பட்டியலில் இல்லை' என்று சொல். என் வாழ்க்கையில் முதல் தடவையிலேயே பிழையில்லாமல் ஓடியவை அந்த நான்கு வரிகள்தான்.

ஊர் நூலகத்திலும் நிவாரண முகாமிலும் அதே காலத்துக் கணினிகள்தான் என்பது எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் தெரிந்தது. எங்கள் தளங்களைச் சோதிக்கும் பெண்ணுக்குப் பூதக்கண்ணாடி என்று நான்தான் பெயர் வைத்திருந்தேன்.

"அண்ணா, ஒரு பிரௌசர்ல மட்டும் இறந்தவங்க வர மாட்டேங்குறாங்க."

"இறந்தவங்க எதுலயும் வர மாட்டாங்கம்மா."

"விளையாடாதீங்க. முகாம்லேருந்து ஒரு அம்மா லைன்ல இருக்காங்க. பொண்ணைத் தேடுறாங்க."

நானே பேசினேன். பிரௌசரில் சேர்ந்திருக்கும் பழையதையெல்லாம் அழித்து, மூடித் திறந்து பார்க்கச் சொன்னேன். பொறுமையாகச் செய்தார்.

"இல்லைன்னுதான் தம்பி வருது. அப்போ எங்கேயோ நல்லபடியா இருக்கான்னுதானே அர்த்தம்?"

"ஆமாம்மா."

அவர் குரலில் வந்த நிம்மதியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். புகாருக்கு எதிரே 'சரிசெய்யப்பட்டது' என்று குறித்தேன்.

பத்தாம் நாள் பதினேழு பேரை அடக்கம் செய்தார்கள். போயிருந்தேன். அத்தான் எண் ஒன்பது, அந்த அம்மாவின் பெண் எண் பதினான்கு. உறவினர் யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று முறை கேட்டார்கள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் அக்கா தினமும் காலையில் அந்தப் பெயரைத் தட்டினாள். ஏழு தட்டு, ஒரு நிறுத்தம், கடைசியாக ஓர் அழுத்தம். நீங்கள் என்னை வைத்திருக்கும் அறையில் கணினி கிடையாது. ஆனாலும் விடிந்ததும் சத்தம் கேட்கிறது. முதலில் ஒருவர்தான் தட்டினார். இப்போது பலர்.

பூதக்கண்ணாடி என் நான்கு வரிகளைக் கண்டுபிடித்து உங்களிடம் கொடுத்தது நல்லதுதான். அவளுக்கு நான் வைத்த பெயர் வீண்போகவில்லை.

நேற்று அக்கா பார்க்க வந்தாள். குழந்தையைக் கொண்டுவரவில்லை.

"உனக்காகத்தானேக்கா செஞ்சேன்," என்றேன். "அன்னைக்குச் சொல்லியிருந்தா நீ தாங்கியிருப்பியா?"

"டீ கை தவறிக் கொட்டலடா. நீ கவிழ்த்ததை நான் பார்த்தேன். ஏன்னு அப்போ புரியல."

நான் குனிந்தேன். சரிசெய்யக் காலில் செருப்பு இல்லை.

"தாங்கியிருப்பேன். அவர் முகத்தை ஒரு தடவை பார்த்து அழுதிருப்பேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்குத்தான் பயம்."