நாலு பேர் செய்த சீனா புராஜெக்ட்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சுருட்டிய சார்ட்டை மடியில் வைத்திருந்தாள்.

"ஏட்டி, சீனாக்காரன் பேப்பரைக் கண்டுபிடிச்சதே நீ பேரு எழுதத்தானா?" என்று அவள் கேட்டதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நாலு பேரு குரூப்புல்லா? நான் லீடர். என் பேருதான் மேல வரணும்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"காகிதம், அச்சு, திசைகாட்டி, வெடிமருந்து, அம்புட்டையும் நான் ஒருத்திதான் வரைஞ்சேன். லீடரம்மா என்ன செஞ்சீக?"

"வாட்ஸ்அப்புல 'சூப்பர்'னு போட்டேன்லா."

"ஆமா, அதுலதான் கலரே பளிச்சுன்னு வந்துச்சு. மத்த ரெண்டு பேரு?"

"அவளுக ஹார்ட் விட்டாளுக."

"போன தடவ நான் தொண்டை வறளப் பேசுனேன். நீ சிரிச்சுக்கிட்டே சார்ட்டைப் பிடிச்ச. மிஸ் உனக்குத்தான் வெரிகுட் சொன்னாவ."

"நல்லாப் பிடிச்சேன்லா."

"இன்னைக்கு நான் பிடிக்கேன். நீ பேசு."

"ஏட்டி, வெளையாடாத! எனக்கு ஒண்ணுமே தெரியாது."

"லீடருக்குத் தெரியாததா? உன் பேரை மேலதான் எழுதியிருக்கேன். மிஸ் மொதல்ல உன்னத்தான் கூப்பிடுவாவ."

லீடர் சார்ட்டைப் பிடுங்கி விரித்தாள். அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று முகத்திலேயே தெரிந்தது. ஊர் நெருங்கும்வரை முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள். பிறகு பாவமாகத் திரும்பினாள்.

"வெடிமருந்தை எதுக்குட்டி கண்டுபிடிச்சானுக?"

ஜன்னலோரத்துக்காரி இறங்குவதற்காக எழுந்தாள்.

"அவங்களுக்கும் குரூப் புராஜெக்ட் குடுத்திருப்பாவ."