அடலின் மோரோவிலை வேலை

இல்லைப் பிள்ளை, மீன் பிடிக்கிற கப்பல் இல்லை. ஐஸ் உடைக்கிற கப்பல். கனடாக் கரையோரக் காவல், கோஸ்ட் கார்ட்டின்ரை. ஓம் ஓம், அரசாங்க வேலைதான். எங்கடை ஆக்களிலை அந்தக் கப்பலிலை ரண்டே ரண்டு பேர். என்ரை மனுசன் தியாகலிங்கம் எஞ்சின் றூமிலை. மற்றது திருகோணமலைக் கிளிபோட், அவர் சமையல். கோயிலிலை நான் இதைச் சொல்லாத ஆள் இல்லை. உங்களுக்கும் பாருங்கோ, பஸ்சிலை ஏறிக் கால் மணித்தியாலம் ஆகேல்லை, சொல்லத் தொடங்கிட்டன்.

கப்பலின்ரை பேர் அடலின் மோரோ. கீழை சிவப்பு, மேலை வெள்ளை. இவர் சேந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு. ஐஸைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போகுமாக்கும் எண்டு நானும் நினைச்சனான். அப்பிடி இல்லையாம். மூக்கை ஐஸுக்கு மேலை ஏத்திப்போட்டுத் தன்ரை பாரத்தாலை நசுக்குமாம். சாப்பாட்டு மேசையிலை பொரிச்ச அப்பளத்தை வைச்சு, உள்ளங்கையாலை அமத்திக் காட்டினவர். மகள் லக்சிகாவுக்கு அப்ப ஆறு வயசு. அண்டைக்கு வீட்டிலை இருந்த அப்பளம் முழுக்க அவள் நொருக்கிப்போட்டாள்.

இருபத்தெட்டு நாள் கப்பல், இருபத்தெட்டு நாள் வீடு. மாரியிலை ஆத்திலையும் வளைகுடாவிலையும் சாமான் கப்பலுகளுக்கு வழி எடுத்துக் குடுக்கிறது. கோடையிலை வடக்கை, வெள்ளைக் கரடி இருக்கிற பக்கம். ஒருக்கா எண்ணெய்க் கப்பல் ஒண்டு ஐஸுக்கை இறுகிப்போய் மூண்டு நாள் நிண்டதாம். இவையள் போய்ச் சுத்திச் சுத்தி உடைச்சு வெளியிலை எடுத்தவை. அந்தக் கப்பல்காறர் மேலை நிண்டு கை தட்டினவையாம். அதைச் சொல்லேக்கை இவற்றை முகத்தைப் பாத்திருக்க வேணும். வீட்டிலை அப்பிடியொரு முகத்தை நான் காணேல்லை.

இல்லை, கோவம் இருக்கேல்லை. தனியப் பிள்ளை வளத்தன், தனிய ஸ்னோ வழிச்சன். மனுசன் ஐஸுக்கை நிண்டு உழைக்குது, நான் இஞ்சை யூனியன்வில்லிலை ஹீற்றர் போட்ட வீட்டிலைதானே இருக்கிறன் எண்டு மனதைச் சமாளிச்சுக்கொள்ளுவன்.

போன மாதம் மார்க்கத்திலை ஒரு கலியாண வீடு. கை கழுவப் போற இடத்திலை கிளிபோட்டைக் கண்டன். கண்டு கனகாலம். என்ன கிளிபோட், இவர் ஏறின கப்பல் இன்னும் வடக்கை போய்ச் சேரேல்லையாம், நீங்கள் இஞ்சை நிக்கிறியள், லீவோ எண்டு கேட்டன். மனுசன் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். எந்தக் கப்பல் அக்கா எண்டார். அடலின் எண்டன். அக்கா, அடலினை விட்டு மூண்டு வருஷம் எண்டார்.

எனக்கு முதல் விளங்கேல்லைப் பிள்ளை. விட்டது எண்டா என்ன, வேறை துறைமுகத்துக்கு விட்டதோ எண்டு கேக்கிறன். அந்தாள் பாவம், என்னைக் கதிரையிலை இருத்தி வைச்சுச் சொன்னார். நாப்பத்திநாலு வயசாம் கப்பலுக்கு. அடித்தகட்டிலை வெடிப்பு, எஞ்சினுக்குச் சாமான் இனி ஒருத்தரும் செய்யிறேல்லை. சித்திரை மாதம் ஒருநாள் எல்லாரையும் மேல்தட்டிலை நிப்பாட்டிக் கொடியை இறக்கி, கப்டன் அதை மடிச்சு வைச்சவராம். கிளிபோட்தான் கேக் செய்தவர். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு கடிதம் குடுத்ததாம். இவர் தனியத்தான் போனவர். பிறகு பேருக்கு மேலை பெயின்ற் அடிச்சு, இன்னொரு கப்பல் கட்டி இழுத்துக்கொண்டு போய், வெட்டுற யாட்டிலை விட்டவை. இவர் கரையிலை நிண்டு, அது மறையுமட்டும் அசையேல்லையாம். அண்டையோடை ரண்டு பேருக்கும் பென்சன்.

மூண்டு வருஷம். அதுக்குப் பிறகு எத்தினை தரம் பாக் அடுக்கிக் குடுத்திருக்கிறன். பருத்தித்துறை வடை, மிளகாய்த்தூள், உள்ளுக்குப் போடுற கம்பளிச் சட்டை. எயாப்போட்டுக்கு ரக்சி வரும், வாசலிலை நிண்டு கை காட்டுவன். ஒவ்வொரு கந்தசட்டிக்கும் ஆறு நாளும் மிளகும் தண்ணியும்தான். ஆருக்கு? வெட்டி இரும்பாக்கின கப்பலுக்கு விரதம் பிடிச்சிருக்கிறன் பிள்ளை.

எங்கை போறவரோ? எல்லாரும் அதைத்தானே கேப்பினம். நானும் ஒரு பொம்பிளை எண்டுதான் நினைச்சன். கிளிபோட்டைச் சத்தியம் பண்ணச் சொல்லிக் கேட்டன். பொம்பிளை இல்லை அக்கா, இஞ்சை கிட்ட வெக்ஸ்போர்ட்டிலை கிளடிஸ் எண்டு எழுபத்தொன்பது வயசு வெள்ளைக்காறக் கிழவி, அவவின்ரை வீட்டுக்குக் கீழை இருக்கிற பேஸ்மென்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார். கட்டில் இறக்க நான்தான் உதவினனான், நீங்கள் பிரிஞ்சிட்டியள் எண்டெல்லோ சொன்னவர் எண்டார்.

அடுத்த கிழமை போனன். வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிக்கிற இடத்திலை நிண்டன். கொஞ்ச நேரத்தாலை பக்கக் கதவாலை மேலை வந்தார், கையிலை தேத்தண்ணிக் கோப்பை. படியிலை இருந்து ஆறுதலாக் குடிக்கிறார். நான் போனை எடுத்து அடிச்சன். எடுத்தவர். சொல்லு புனிதம், இஞ்சை சரியான குளிர் எண்டார். அந்த நேரம் பாத்து எனக்கு முன்னாலை ஒரு பஸ் இரைஞ்சுகொண்டு போச்சுது. இந்தக் காதுக்கையும் பஸ், போனுக்கையும் பஸ். என்னப்பா சத்தம் எண்டு கேட்டன். ஐஸ் உடையுது எண்டார்.

சாப்பிட்டியளோ எண்டு கேட்டுப்போட்டு வைச்சிட்டன்.

கிளிபோட் சொல்லுறார், எஞ்சின் இரைச்சல் இல்லாமல் அவருக்கு வீட்டிலை நித்திரை வாறேல்லையாம். எங்கடை வீடு தனக்குப் பெரிசாம், தான் இல்லாமலே எல்லாம் நல்லா நடக்குதாம். அந்தப் பேஸ்மென்டிலை, வீட்டைச் சூடாக்கிற ஃபேர்ணஸ் இரைஞ்சுகொண்டிருக்கிற பக்கத்திலை கட்டிலைப் போட்டிருக்கிறாராம். அதை எனக்குச் சொல்லியிருக்கலாம் பிள்ளை. எங்கடை வீட்டிலையும் ஃபேர்ணஸ் இருக்குது. நானே கட்டிலை இழுத்துப் போட்டுக் குடுத்திருப்பன்.

ஓம், நீங்கள் சொல்லுறது சரிதான். பொம்பிளை இல்லை, குடி இல்லை, தனிய இருக்கிற ஆசைதானே, மன்னிக்கலாம். நானும் ரண்டு நாள் அப்பிடித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

இண்டைக்கோ? இண்டைக்குக் கதவைத் தட்டப்போறன். ஒண்டும் கதைக்கிறதா யோசனை இல்லை. திறந்து, ஆர் நிக்கிறது எண்டு அவர் பாக்க வேணும், அவ்வளவுதான்.

பஸ் அடுத்து நிக்கிறது லோரன்ஸிலைதானே? பஸ்சை நிப்பாட்ட அந்த மஞ்சள் கயிறை ஒருக்கா இழுத்து விடுங்கோ பிள்ளை. எனக்கு வலக்கை தூக்கேலாது. இல்லையில்லை, விழேல்லை. பெப்ரவரியிலை மார்பிலை ஒப்பரேசன், ஒரு பக்கம் எடுத்தது. லக்சிகா வன்கூவரிலை, பிள்ளைத்தாச்சி, அவளைப் பயப்பிடுத்த விருப்பமில்லை. ஒப்பரேசனுக்கு முதல்நாள் இவருக்குத்தான் போன் எடுத்தன். காத்து பிழையா இருக்கு புனிதம், கப்பலிலையிருந்து ஹெலி எழும்பாது, நான் என்னண்டு வாறது எண்டு அழுதவர். நான்தான் ஆறுதல் சொன்னனான், கவனமா இருங்கோ எண்டு.

அந்த ஆஸ்பத்திரியிலையிருந்து அவற்றை பேஸ்மென்டுக்கு ஒரே பஸ்தான். பதினெட்டு நிமிஷம். நேற்று ஏறியிருந்து பாத்தனான். சரி பிள்ளை, வாறன்.