சத்தத்தைக் கழற்றிய விதம்

நைட்ரோ எரிபொருளின் வாடை துணியில் ஏறிவிட்டால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது, சார். விளக்கெண்ணெயைக் கருகவிட்டு அதன்மேல் நகப்பாலிஷைக் கொட்டியது போல இருக்கும். எங்கள் பால்கனியில் அந்த வாடை வருடக்கணக்கில் இருந்தது. நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

நீங்கள் அத்திபெலேக்காரர், தமிழ் நன்றாக வரும் என்று ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். அதனால் தமிழிலேயே சொல்கிறேன். கன்னடத்தில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

லாயிட் என் மனைவி ஐரினின் அண்ணன். கோலார் தங்கவயலில் பிறந்தவர். பொம்மனஹள்ளியில் பைக் மெக்கானிக்காக இருந்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை சுருங்கி, கடைசியில் ஒன்றும் இல்லாமல் போனது. கல்யாணம் ஆகாதவர். ஐரின் அவரை எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்தாள். என்னிடம் கேட்டுத்தான் அழைத்து வந்தாள். நான் சரி என்றேன். பால்கனியை ஒட்டிய அறையை அவருக்குக் கொடுத்தோம். அதுவரை அது என் அறை.

ஒரு துணிப்பை, ஒரு வெள்ளைக் கம்பு, ஒரு ரிமோட் வண்டி. அவர் கொண்டுவந்தது அவ்வளவுதான். அந்த வண்டியைப் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முழத்துக்கு மேல் நீளம், நாலு கிலோ எடை, உள்ளங்கைக்குள் அடங்குகிற நைட்ரோ எஞ்சின். 'பக்கி' என்பார்கள். மண்ணில் பாயும், மேட்டில் ஏறிக் குதிக்கும், முழு வேகத்தில் விட்டால் பைக்கைத் துரத்தும். சத்தம் மரம் அறுக்கிற மெஷின் போல. பார்வை இருந்த காலத்தில் அதை வைத்துப் பந்தயமெல்லாம் ஓட்டியிருக்கிறார்.

பார்வை போன பிறகும் ஓட்டினார். அதுதான் விஷயம்.

எங்கள் அப்பார்ட்மெண்டுக்குப் பின்னால், பால்கனியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, விற்காமல் கிடக்கிற வீட்டுமனை லேஅவுட் ஒன்று இருக்கிறது. வெறும் மண் தரை. அதன் ஒரு ஓரமாக ராஜகாலுவே, அந்தப் பெரிய மழைநீர்க் கால்வாய், போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் லாயிட் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு வண்டியைத் தன்னைச் சுற்றி ஓட்டுவார். எஞ்சின் சத்தம் நெருங்குகிறதா விலகுகிறதா, வண்டி முகத்தைக் காட்டுகிறதா முதுகைக் காட்டுகிறதா என்பதைக் காதாலேயே பிடிப்பார். முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வார். சுவரை நெருங்கும்போது சத்தம் மாறுமாம், திருப்பிவிடுவார். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், பிஜி ஹாஸ்டல் பெண்கள், செக்யூரிட்டி ஆட்கள் எல்லாரும் வந்து நின்று கை தட்டுவார்கள். ஐரின் கை தட்ட மாட்டாள். சிரிப்பாள். அப்படி ஒரு சிரிப்பை நான் எங்கள் கல்யாண ஆல்பத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை.

ஒருநாள் ரிமோட்டை என்னிடம் கொடுத்தார். நான் வண்டியை நேராகச் சுவரில் மோதினேன்.

"மாப்ள, கண்ண மூடிக்கினு ஓட்டிப் பாருங்க, நல்லா வரும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஐரின்தான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினாள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். நீங்கள் எங்கிருந்து ஆரம்பித்தது என்று கேட்டதால் சொல்கிறேன்.

அப்பார்ட்மெண்ட் சங்கத்தின் செயலாளர் மமதா மேடம். அவரிடம் போய், வண்டியின் புகையும் சத்தமும் பலருக்குத் தொந்தரவாக இருக்கிறது, ஒரு நோட்டீஸ் ஒட்டினால் நல்லது என்றேன்.

"யாரும் என்கிட்ட ஹேளில்லவே, கம்ப்ளெயின்ட் வரலையே ஆம்ப்ரோஸ் அவரே. வாரத்துல ஒரு நாள் தானே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். பாவம், அவருக்கு வேற என்ன இருக்கு?" என்றார்.

அந்தப் புகை மச்சானின் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நான் சொன்னால் மனைவியின் அண்ணனை விரட்டுகிற மாதிரி ஆகிவிடும், நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார் என்று விளக்கினேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் புகை யாருக்குத்தான் நல்லது? லிஃப்ட் அருகில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐரின் அதை அவருக்குப் படித்துக் காட்டினாள். அவர் வண்டியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். சில வாரங்கள் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை.

அப்போதுதான் நான் சொன்னேன், "மச்சான், இத எலெக்ட்ரிக்கா மாத்திடலாம். புகை வராது. நானே பண்றேன்."

நான் மின்சார ஸ்கூட்டர் செய்கிற கம்பெனியில் மோட்டார் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எனக்கு இது கஷ்டமான வேலை இல்லை. ஐரின் சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இவ்ளோ யோசிப்பீங்கன்னு நான் நினைக்கலங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

வேலையைப் பொறுமையாகச் செய்தேன். எஞ்சின், எரிபொருள் டாங்க், புகைக்குழாய், கிளட்ச் எல்லாவற்றையும் கழற்றினேன். எஞ்சின் இருந்த இடத்தில் பிரஷ்லெஸ் மோட்டார். டாங்க் இருந்த பக்கம் பேட்டரிக்கு அலுமினியத் தட்டு. வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டை மேலே பதித்தேன். மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தையும் வண்டியின் பெரிய பல்சக்கரத்தையும் சேர்க்கும்போது நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து இறுக்கி, பிறகு உருவிவிட வேண்டும். அந்தக் காகிதத்தின் கனம்தான் இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி. அது கூடினாலும் குறைந்தாலும் சத்தம் வரும்.

சாதாரணமாக யாரும் இதற்கு மேல் மெனக்கெட மாட்டார்கள். மின்சார வண்டியிலும் ஒரு ரீங்காரம் இருக்கும், அதை அப்படியே விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. பல்சக்கரங்களுக்குக் கெட்டியான கிரீஸ் வைத்தேன். மோட்டாருக்கு அடியில் ரப்பர் மெத்தை கொடுத்தேன். முள் டயரை எடுத்துவிட்டு மிருதுவான டயர் போட்டேன். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் 'பீப்' என்று மூன்று முறை குரல் கொடுக்கும். அதையும் நிறுத்தினேன். கண் தெரியாத ஒருவருக்கு வண்டி உயிரோடு இருக்கிறது என்று சொல்லக்கூடியது அந்த பீப் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். எதைச் செய்தாலும் முழுமையாகச் செய்வது என் சுபாவம்.

லாயிட்டின் பிறந்தநாளன்று எல்லாரையும் மைதானத்துக்கு அழைத்தேன். மமதா மேடமும் வந்தார். ரிமோட்டை லாயிட் கையில் கொடுத்தேன். விசையை அழுத்தினார். வண்டி பாய்ந்து போனது. அவர் முகத்தைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"ஸ்டார்ட் ஆச்சா மாப்ள?"

"போயிட்டு இருக்கு மச்சான்."

"எந்தப் பக்கம்?"

யாரோ இடது என்றார்கள், யாரோ வலது என்றார்கள். மேம்பாலச் சாலையின் இரைச்சல்தான் கேட்டது. அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். வண்டி சுவரில் மோதிக் கவிழ்ந்தது. மறுபடி வைத்தார்கள், மறுபடி மோதியது. மூன்றாம் முறை அது அவர் காலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அது தூரத்தில் எங்கேயோ இருப்பதாக நினைத்து அவர் திருப்பிக்கொண்டிருந்தார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சத்தம் போடாமல் போனார்கள். அவருக்குக் கேட்டிருக்கும்.

"ரொம்ப நீட்டா பண்ணியிருக்கீங்க மாப்ள" என்று சொல்லி ரிமோட்டை என்னிடம் நீட்டினார். விரல்கள் வியர்த்திருந்தன. நான் வாங்கி, எல்லாரும் பார்க்க ஒரு நல்ல சுற்று ஓட்டிக் காட்டினேன்.

ஆபீசில் என்னோடு வேலை செய்யும் யூஜினிடம் இதைச் சொன்னபோது, "சின்னதா ஒரு பஸ்ஸர் மாட்டி விடுடா. ஐம்பது ரூபா வேலை" என்றான். ஐரினும் அதையே கேட்டாள். செய்கிறேன் என்று இருவரிடமும் சொன்னேன். பஸ்ஸர் வாங்கி வைத்துமிருந்தேன். மாட்டவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விளையாட்டு என்றுதான் சொல்வேன். ஐரின் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு ஷிஃப்ட் இருக்கிற மாலைகளில் வண்டியை ஹாலில் விட்டேன். டைல்ஸ் தரையில் மெதுவாக ஓட்டினால் ஒன்றும் கேட்காது. அவர் தண்ணீர் குடிக்க எழுந்து வருவார். கணுக்காலில் லேசாக இடிப்பேன். துள்ளுவார்.

"வண்டி ஓடுதா மாப்ள?"

"இல்லையே மச்சான். பெட்டியில இருக்கு."

குனிந்து தரையைத் தடவுவார். நான் வண்டியை அவர் விரல்களுக்கு ஒரு சாண் தூரத்தில் நகர்த்திக்கொண்டே போவேன். தடவி முடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவார். பிறகு சுவரைப் பிடிக்காமல் நடப்பதையே விட்டுவிட்டார். வண்டி இல்லாதபோதும் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். டீயை இரண்டு முறை மேலே கொட்டிக்கொண்டார்.

ஐரின் பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனாள். நான் லீவு போட்டுக் கூடவே போனேன். பார்வை போனவர்களுக்கு இப்படி இல்லாதது இருப்பது போலத் தோன்றுவதுண்டு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்த நாட்களில் ஐரின் என்னோடு நிறையப் பேசினாள். ராத்திரி சாப்பாட்டின்போது, "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். வீடு நன்றாக இருந்தது, சார்.

சரி, அந்த மாலைக்கு வருகிறேன்.

முந்தின நாள் நல்ல மழை. கால்வாயில் தண்ணீர் ஓடியது. கால்வாயின் தடுப்புச் சுவர் ஒரு இடத்தில் இடிந்து கிடப்பது எல்லாருக்கும் தெரியும். ஐரினுக்கு டியூட்டி. "வாங்க மச்சான், காத்தாட நடந்துட்டு வரலாம்" என்றேன். அவருக்கு விருப்பமில்லை. கம்பைத் தேடினார். "கம்பு எதுக்கு, நான் இருக்கேன்ல" என்றேன். என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

இடிந்த இடத்துக்கு முன்னால், கால்வாய்க்கு முதுகு காட்டி நிறுத்தினேன். மைதானத்தின் நடுவில் இருக்கிறோம் என்று சொன்னேன். தண்ணீர்ச் சத்தம் கிட்டக் கேட்கிறதே என்றார். மழையால் அப்படி என்றேன். போன் வருகிறது, இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, புதருக்குப் பின்னால் ஏற்கெனவே வண்டியோடு வைத்திருந்த ரிமோட்டை எடுத்தேன்.

வண்டியை மெதுவாகக் கொண்டுபோய் அவர் செருப்பு நுனியில் தொட்டேன். அரை அடி பின்னால் நகர்ந்தார்.

"மாப்ள?"

மறுபடி தொட்டேன். மறுபடி நகர்ந்தார். பிறகு அசையாமல் நின்றார். முகத்தை நான் இருந்த பக்கமாகச் சரியாகத் திருப்பினார். எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை.

"போதும் மாப்ள" என்றார். "நீங்கதான்னு எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். ஹால்ல உங்க மூச்சு கேக்கும். தங்கச்சி குடும்பம்னு வாயத் தொறக்கல. அடுத்த வாரம் கேஜிஎஃப்புக்கே போயிடறேன். அவகிட்ட எதுவும் சொல்ல மாட்டேன். என்னை வீட்ல கொண்டுபோய் விடுங்க."

நியாயமாகப் பார்த்தால் நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். அவர் போவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே இத்தனை நாள் பேசாமல் இருந்து, எனக்கு ஏதோ பிச்சை போட்டது மாதிரி அவர் நின்ற விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் ஊருக்குப் போனால் ஐரின் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போவாள் என்பதும் தெரியும்.

வண்டியைப் பின்னுக்கு இழுத்து, தூரம் கொடுத்து, முழு வேகத்தில் அவர் காலை நோக்கி விட்டேன். அந்த வேகத்திலும் சத்தம் வரவில்லை. மண் தெறித்து அவர் காலில் பட்ட நொடியில்தான் வண்டி வருகிறது என்று தெரிந்திருக்கும். பெரிதாக ஒரு எட்டு பின்னால் வைத்தார். பின்னால் தரை இல்லை. வண்டியை ஓரத்திலேயே பிரேக் போட்டு நிறுத்திவிட்டேன். கீழே கான்கிரீட். தலை அதில் பட்டது. பிறகு தண்ணீர்.

ஆமாம், அவர் விழ வேண்டும் என்றுதான் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ரிமோட்டைப் புதரில் வைத்துவிட்டு உதவிக்குக் கத்தினேன். யாரும் வருவதற்கு முன்பே ஐரின் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். என்னைத் தாண்டி ஓடிக் கால்வாய்க்குள் இறங்கினாள். டியூட்டியில் இருக்கவேண்டியவள் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அடக்கம் முடியும்வரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று விட்டுவிட்டேன்.

என்ன சொன்னீர்கள்? புகார் கொடுத்தது மமதா மேடம் இல்லையா?

ஐரினா?

ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாளா? பால்கனியில் நின்று முழுவதையும் பார்த்தாளா?

அப்படியென்றால் நல்லதாகப் போயிற்று, சார். அவளை உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள். நான் அவர்மேல் விரல்கூட வைக்கவில்லை என்பதற்கு என் மனைவிதான் சாட்சி.