காற்று நிற்கவில்லை

என் பெயர் ராதாகிருஷ்ணன் த/பெ முருகையா. வயது 67. கம்போங் ராஜா சந்தைக்குப் பின்புறம் குடியிருக்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. குமுதா மீது கொடுக்கப்பட்ட புகார் பொய் என்பதால் நானே காவல் நிலையத்துக்கு வந்தேன். நான் சொல்லச் சொல்ல சார்ஜன் பழனியப்பன் எழுதிக்கொள்கிறார்.

குமுதா, வயது 43, தேயிலைத் தோட்டத்தில் நுண்ணுயிர்க் கொட்டகையில் வேலை செய்பவர். அங்கே இரண்டாயிரம் லிட்டர் தொட்டியில் கரும்புப்பாகு கலந்த நீரில், தேயிலை வேர்களுக்கு ஊற்றும் நுண்ணுயிர்களை வளர்க்கிறார்கள். அவை மூச்சுவிட, அடியிலிருந்து இயந்திரம் காற்றுக் குமிழிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். குமுதா வேண்டுமென்றே காற்றை நிறுத்தி அவற்றைச் சாகடித்தார் என்பது புகார். அவருக்கு வேலை போனால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் போகும். அந்த வீட்டில் அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார்.

2024 ஆகஸ்டு 13, செவ்வாய் மாலை ஆறு மணியளவில் மைதீன் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கொட்டகை மேற்பார்வையாளர் தினேஸ்வரன் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"சார், தொட்டி நுரை தள்ளி தரையெல்லாம் வழியுது. நாளைக்கு மத்தியானம் கோலாலம்பூர்லருந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. என்னா செய்யிறது?"

"வீட்டுல பருப்பு பொங்குனா ஒன் சம்சாரம் என்னா செய்யும்? கொஞ்சம் எண்ணெய் விடு லா" என்றேன்.

கல்லாவில் இருந்த மைதீன், "பீஸ் வாங்காம பாடம் நடத்துறாரு வாத்தியாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். எவ்வளவு எண்ணெய் என்று தினேஸ்வரன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இது என் தவறு. இதையும் எழுதச் சொன்னேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு தினேஸ்வரன் தொட்டியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டார் என்றும், அதன் பிறகு நுரை அடங்கி மறுபடி எழும்பியதால் ஐந்து கிலோ போத்தல்கள் இரண்டைக் கவிழ்த்தார் என்றும், "அண்ணே, போதும்ணே" என்று தான் தடுத்தும் கேட்கவில்லை என்றும் குமுதா என்னிடம் சொன்னார். அதன் பிறகு, பதினோரு மணிக்கு, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் காட்டும் மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது. மத்தியானம் விருந்தினர்கள் வந்தபோது கொட்டகை அழுகிய முட்டைபோல் நாறியது. காற்றை நிறுத்தியது இவர்தான் என்று அவர்கள் முன்னிலையில் தினேஸ்வரன் குமுதாவைக் கைகாட்டியிருக்கிறார். இவையும் குமுதா சொன்னவையே.

குமுதா தொலைபேசியில் அழைத்ததும் மூன்று மணிக்கு நான் கொட்டகைக்குள் போனேன். அனுமதி வாங்கவில்லை. அத்துமீறி நுழைந்ததாகத் தோட்ட மேனேஜர் சொல்வது உண்மை.

காற்று இயந்திரம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு இருந்தது. வழக்கமாக அவை கடுகளவு இருக்கும். சார்ஜனுக்கு ஓர் உதாரணம் சொன்னேன். ஒரு தேக்கரண்டி சீனி தேநீரில் உடனே கரையும், அதே எடைக் கற்கண்டு அடியில் கிடக்கும். நீர் தொடும் பரப்பு குறைவு என்பதே காரணம். அதிக எண்ணெய் பட்டால் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, கரைய நேரமின்றி மேலே ஓடிவிடும். காற்று போகும், ஆக்சிஜன் நீரில் இறங்காது. ஆகவே மீட்டர் பூஜ்யம் காட்டியது காற்று நின்றதற்குச் சாட்சி ஆகாது.

அதன் பிறகு இயந்திரம் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் கருவியைப் பார்த்தேன். 2324 என்று இருந்தது. காலை ஏழு மணிக்கு 2316 என்று கொட்டகைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. ஏழிலிருந்து மூன்று வரை எட்டு மணி நேரம், கருவியிலும் எட்டு. இயந்திரம் இடையில் நிறுத்தப்படவில்லை. அந்த 2316-க்குக் கீழே உள்ள கையெழுத்து தினேஸ்வரனுடையது. இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்து இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன்.

வெளியே வரும்போது மேனேஜர் வழிமறித்து, "ரிட்டையர் ஆன ஆளு வீட்டுல உக்காந்து பேப்பர் படிங்க சார்" என்றார். "படிச்சுட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதுவரை எழுதிய சார்ஜன் பேனாவை வைத்துவிட்டு, "சார், எண்ணெய் ஒங்க யோசனைன்னு போட்டா கம்பெனி ஒங்க மேல பாயும். அந்த வரிய எடுத்துரலாமா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டா எண்ணெய் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. மறுபடியும் குமுதா தலையிலதான் வந்து விழும். பாயட்டும், எழுதுங்க" என்றேன்.

மேலே உள்ளவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. எல்லாம் என் கண் கண்டதும், குமுதா சொன்னது என்று நான் குறித்துச் சொன்னதும், நான் செய்ததுமே. எந்த வரியையும் நீக்க நான் சம்மதிக்கவில்லை.

(ஒப்பம்)
மு. ராதாகிருஷ்ணன்