வன்னியம்பட்டி எருமைகள் லாரி ஏறாது

மேடையை நிறைத்திருக்கும் சங்கத்துப் பெரியவர்களே! வாசலில் நின்று தலையை நீட்டிக் கேட்கிற லாரி டிரைவர்களே! ஸ்ரீவில்லிபுத்தூரில் கடையடைத்து வந்திருக்கும் சொந்தங்களே! அழுத கண்ணோடு பிச்சை முகம்மது பேசுகிறேன்.

எருமை வியாபாரிகள் சங்கத் தலைவர், என் தங்கச்சி மாப்பிள்ளை நைனா முகமது போய்விட்டார். எப்பேர்ப்பட்ட மனுசன்! ராஜபாளையத்து எருமைக்கறியை அரபு நாட்டு விருந்தில் வைத்தவர் யார்? நைனா முகமது! யார் லோடு வரும்வரை கொச்சியில் கப்பலே நகராது? நைனா முகமது! கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. மறைப்பானேன்? எனக்கு அவர்மேல் வயிற்றெரிச்சல். சந்தையில் முந்தி இறங்கியவன் நான். மாட்டுக்குப் பல் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். பேர் மட்டும் அவருக்கு!

எண்பத்தேழில் துபாய்க்காரர் ஒருவர் சந்தைக்கு வந்தார். நடந்தால் தரை அதிரும், அப்படி ஆகிருதி! நைனா என்ன செய்தார்? நம்ம வழக்கப்படி அவர் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசினார். துபாய்க்காரர் பதறிப்போய் மோதிரத்தை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார்! சந்தையே சிரித்தது.

"ஏலே மச்சான், அந்தாளு ஓடிரப் போறாரு" என்று கத்தினேன்.

"ஒம்ம துண்டுல்லா மச்சான். நாத்தம் தாங்கலபோல" என்றார்.

கூட வந்தவர் விளக்கிச் சொன்னதும் துபாய்க்காரர் சிரித்துக்கொண்டே தானாகக் கையை நீட்டினார். ஆர்டர் நைனாவுக்கு. துண்டு என்னுடையது!

அந்த ஆர்டரைக் காப்பாற்றுவது லேசா? விலை கொஞ்சம் கூடினால் வாங்குகிறவன் வேறு நாட்டுக்குப் போய்விடுவான். வழியில் குளிர்பெட்டி நின்றால் கறி நாறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே கோமாரி! ஒரு மாட்டு வாயில் புண் கண்டால் போதும், நம் பக்கத்துச் சரக்கே வேண்டாமென்று கதவைச் சாத்திவிடுவான்.

தொண்ணூற்றொன்றில் பிளவக்கல் பக்கம் கோமாரி வந்தது. அங்கே நின்ற தன் எருமைகளை நைனா ஏற்றவில்லை. "கோட்டிக்காரா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"தெரிஞ்சா அம்புட்டுப் பேர் பொழப்பும் போச்சே மச்சான். லாரிக்காரன், எருமை வளக்குற பொம்பளைய எல்லாம் எங்க போய் நிப்பாவ?"

அந்த வருசம் நோய் மாட்டை ஏற்றிய வேறு ஊர்க்காரர்களின் ஆர்டர் கைவிட்டுப் போனது. நம்முடையது தப்பியது. ஊரே அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. கிருஷ்ணன்கோவில் வரை வேட்டுச் சத்தம்! என் கூடப்பிறந்த மெகராஜ் பேகமே, "இவிய நெஞ்சு ஒனக்கு வருமாண்ணே?" என்றாள். ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று நிலைமை என்ன? திங்கட்கிழமை லோடு போயாக வேண்டும். வன்னியம்பட்டியில் கோமாரி வந்திருக்கிறது. அங்கே கட்டிக்கிடப்பது யார் எருமைகள்? என்னுடையவை! காலையில் தரகர் கண்ணுச்சாமி வந்து காதைக் கடித்தார்: "அண்ணாச்சி, உம்ம எருமை நல்லாத்தான் நிக்கி. தலைவரும் இல்ல. சத்தமில்லாம ஏத்திருவமா?" தலை குனியாதேயும் கண்ணுச்சாமி, நீர் கேட்டதை நானும் செத்த நேரம் யோசித்தேன்.

சபையறியச் சொல்கிறேன். மாட்டு டாக்டர் வந்து பார்த்து, நோய் அடங்கியது என்று சொல்லும்வரை என் எருமை ஒன்றுகூட லாரி ஏறாது! எனக்கு நட்டமானாலும் தலைவர் பிடித்த ஆர்டரை இந்தச் சங்கம் விடாது!

மச்சான், இதை மட்டும் நீர் இருந்து பார்த்திருக்கணும். ஒரே ஒரு தடவையாவது என்னைப் பார்த்து உமக்கு வயிறு எரிந்திருக்கும்.