குளியலறைக்கு வந்த மாதா

மாதாவை வைத்துச் சிரித்த பேச்சை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் பஸ்ஸில் ஒருவர் மாதா படம் போட்ட டைல்ஸ் பெட்டியை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த மனைவி கேட்டார்.

"குளிக்கிற ரூமுக்கா இதை வாங்குனீக?"

"இருந்த காசுக்கு இதுதான் கெடச்சுது."

"வழுக்கி விழுந்த அத்தைக்காகத்தான் ரூமையே மாத்துறோம். மாதா முன்னாடி அவுக சேலையை அவுப்பாகளா?"

"கண்ண மூடிக்கிறச் சொல்லு."

"யாரை? அத்தையவா, மாதாவையா?"

அவர் மடியிலிருந்த பெட்டியைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார்.

"தவக்காலத்துல கோயில்ல மாதா சுரூபத்தைத் துணியால மூடுவாங்கல்ல, அதே மாதிரி குளிக்கையில துணி போட்டு மூடிருவோம்."

"சரி. ஆனா உங்க பழைய கைலிய மட்டும் போட்டுறாதீக."

இதைப் பிறரிடம் சொல்பவர்கள் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மாதாவும் கேட்டுக்கொண்டிருப்பார்.