வலப்பக்கத்துக் கோழிகளுக்குப் போட்ட பொடி

என் பெயர் பெத்தம்மாள். வயது 47. காலஞ்சென்ற சுடலைமுத்துவின் மனைவி. சேத்தூர் கீழத்தெரு, கதவு எண் 3/41-ல் தனியாகக் குடியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்துள்ளேன். சேத்தூரில் ஞானதுரை என்பவரின் கறிக்கோழிப் பண்ணையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். நான் சொல்வது எனக்கே எதிராக முடியலாம் என்றும், எதுவும் சொல்லாமல் திரும்பிப் போகவும் எனக்கு உரிமை உண்டு என்றும் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதித்துறை நடுவர் அவர்கள் எனக்கு விளங்கச் சொன்னார்கள். அதை விளங்கிக்கொண்டு, 19.05.2025 திங்கட்கிழமையாகிய இன்று சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த வேதா என்பவர் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு மேற்படிப்புக்காக ஆராய்ச்சி செய்கிறார். வெயில் காலத்தில் கோழிகள் சூடு தாங்காமல் சாவதைத் தடுக்க நெல்லிக்காய், துளசி, சீரகம், அமுக்கரா சேர்த்து அரைத்த ஒரு பொடியைத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்க்க எங்கள் முதலாளியிடம் அனுமதி வாங்கினார். பொடி பலன் தந்தால் பெரிய கொட்டகையில் உள்ள எல்லாக் கோழிகளுக்கும் போடுவதாக முதலாளி சொன்னார். அதன் பிறகு சின்னக் கொட்டகையை நடுவில் வலை கட்டிப் பிரித்து, இடப்பக்கம் நூற்றைம்பது, வலப்பக்கம் நூற்றைம்பது என்று கோழிகளை விட்டார்கள். இடப்பக்கத்துக்குப் பொடி கலந்த தீவனம். வலப்பக்கத்துக்கு வெறும் தீவனம். ஏப்ரல் 7-ஆம் தேதி தொடங்கி இருபத்தெட்டு நாள் இப்படிக் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. இரை வைப்பதும், மதியம் இரண்டு மணிக்கு ஒரு நிமிடத்தில் கோழி எத்தனை தடவை மூச்சு இரைக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவதும் என் வேலை. தீவனம் கலப்பதும் ஸ்டோர் ரூம் சாவியும் மாரிசாமி என்பவரின் பொறுப்பு.

முதல் நான்கு நாளில் இடப்பக்கம் ஒரு கோழியும் வலப்பக்கம் ஆறு கோழிகளும் செத்தன. கோழிக்கு வேர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே விட வேண்டும். வலப்பக்கத்துக் கோழிகள் இறக்கையை உடம்பில் ஒட்டாமல் விரித்து வைத்துக்கொண்டு, என் காலடியில் வந்து கழுத்தை நீட்டிப் படுத்தன. எண்ணுவதற்காக நான் ஒரு நிமிடம் குனிந்து அவற்றையே பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு ஆறு வருடத்தில் நான் எந்தக் கோழியையும் ஒரு நிமிடம் பார்த்ததில்லை.

11-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை வேதா வந்தபோது, "டாக்டரம்மா, இந்தப் பக்கத்துக்கும் கொஞ்சம் போட்டா என்ன?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் போட்டா பொடி வேலை செய்யுதான்னு எப்படிக்கா தெரியும்?" என்றார். "அப்ப இதுக செத்தாத்தான் தெரியுமா?" என்றேன். அவர் வலப்பக்கத்துக் கோழிகளைக் குனிந்து பார்த்தார். பிறகு, "எனக்கும் பாக்க முடியலதான்க்கா. ஆனா இது தெரிஞ்சுட்டா பொறவு எம்புட்டோ கோழிக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று மதியம் மாரிசாமி, "அக்கா, சாப்பிட்டு வாரேன், செத்த நேரம் பாத்துக்கோங்க" என்று வழக்கம் போலச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நான் ஸ்டோர் ரூமைத் திறந்து இரண்டு கை பொடி எடுத்து வலப்பக்கத்துத் தீவனத்தில் கலந்தேன். அதன் பிறகு மே 4-ஆம் தேதி வரை தினமும் அப்படியே செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பொடி காலியான கவர் ஒன்றைக் குப்பையில் போட்டால் தெரிந்துவிடும் என்று பயந்து, உப்பு போட்டு வைக்க ஆகும் என்று சொல்லி மாரிசாமியிடம் கொடுத்தேன்.

ஆராய்ச்சி முடிந்தபோது இடப்பக்கம் பத்தும் வலப்பக்கம் பதின்மூன்றும் செத்திருந்தன. எடையும் இரைப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. வேதா நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வித்தியாசம் ஒண்ணும் இல்லக்கா" என்றார். முதலாளி பெரிய கொட்டகைக்குப் பொடி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு மீதிப் பொடியை நிறுத்துப் பார்த்ததில் நான்கு கிலோ குறைந்தது. முதலாளி போலீசில் புகார் கொடுத்தார். மே 7-ஆம் தேதி போலீசார் மாரிசாமி வீட்டில் தேடியபோது அந்தக் கவர் உப்போடு கிடைத்தது. முதலாளி பண்ணையில் எல்லோரையும் நிற்க வைத்து, "ஏலே, இது எப்படிலே ஒன் வீட்டுக்கு வந்துச்சு?" என்று கேட்டார். மாரிசாமி, "காலிக் கவரு மொதலாளி. பெத்தம்மாக்காதான் குடுத்தாக. கேட்டுப் பாருங்க" என்றார். அவர் முகத்தில் பயமே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்துத்தான் அப்படி நின்றார். முதலாளி என்னைக் கேட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில், "எனக்கு ஞாபகம் இல்லையே" என்றேன். மாரிசாமி செருப்பைப் போட்டுக்கொண்டு போலீசாருடன் போனார். இன்றோடு பதின்மூன்று நாளாகச் சிறையில் இருக்கிறார்.

14-ஆம் தேதி புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு கரண்ட் போனது. ஜெனரேட்டரும் ஓடவில்லை. பெரிய கொட்டகையில் ஃபேன் நின்று, தண்ணீர் தெளிப்பதும் நின்றது. நாங்கள் குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றினோம். மூன்று மணிக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு கோழிகள் செத்தன. அதன் பிறகு குழி வெட்டிப் புதைக்கத் தெருவில் ஆள் கூப்பிட்டதில் மாரிசாமியின் மனைவி இருளம்மாளும் வந்தார். நானும் அவரும் ஒரே கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். நான் தள்ளாடியபோது அவர் தன் முந்தானையை நனைத்து என் கழுத்தில் போட்டு, "நீங்க நெழல்ல உக்காருங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பிறகு, "அவிய வெளிய வந்ததும் இந்த ஊரே வேண்டாம்னு போயிரப் போறோம். கவரை யாரு குடுத்தான்னு அவியளுக்கே இப்பம் சந்தேகமா இருக்காம்க்கா" என்றார். நான் அவரிடமும் சொல்லவில்லை.

16-ஆம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வேதாவின் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டுக் கத்தவில்லை. "எந்தத் தேதியில இருந்து போட்டீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். "அப்ப பொடி நல்ல பொடிதானே டாக்டரம்மா? பெரிய கொட்டகைக்குப் போட்டிருந்தா பொழச்சிருக்குமா?" என்று கேட்டேன். "நாலு நாளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. நீங்க போடாம இருந்திருந்தா சொல்லியிருக்கலாம். இனி அடுத்த வெயிலுக்குத்தான் பாக்கணும்" என்றார். அதன் பிறகு, "திரும்ப உங்களை விட்டா போட மாட்டீங்கள்ல?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். "அப்ப அடுத்த தடவை நீங்க வேண்டாம்க்கா" என்றார். நானும் சரி என்றேன். அவர்தான் நீதிமன்றத்தில் உள்ள இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்கு என்னை அழைத்து வந்தார்.

மாரிசாமிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. பொடி குறைந்தது என்னால். கவர் அவர் வீட்டுக்குப் போனதும் என்னால். அவரிடம் நேரில் இதைச் சொல்ல நேற்று சிறை வாசல் வரை போனேன். உள்ளே இருளம்மாள் இருப்பதாகச் சொன்னதால் திரும்பிவிட்டேன்.

யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. எழுதியதை எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார்கள். அதில் ஓரிடத்தில், "பொடி எடுத்து" என்று நான் சொன்னபடியே இருந்தது. மாரிசாமி மேல் உள்ள வழக்கில் என்ன வார்த்தை எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "திருடினார்" என்று இருப்பதாகச் சொன்னார்கள். என் பெயருக்கும் அந்த வார்த்தையையே போடும்படி கேட்டுக்கொண்டதன் பேரில், பொடியை நான் திருடினேன் என்று இங்கே சேர்த்து எழுதப்பட்டது. மற்றபடி இதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. அத்தனையும் நடந்தது நடந்தபடி என்று அறிந்து என் கையால் ஒப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) சு. பெத்தம்மாள்